பிள்ளையார் மேடைக்கு அடியில் ஒரு வரத்துக்கால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதப் பகுதியில் அடுத்தடுத்த இரண்டு ஞாயிறுகளில் வந்த கடிதங்களைப் படித்தேன். தண்ணீர்ப் பஞ்சம், குப்பை, குடி, பெற்றோரைப் பிள்ளைகள் தனியே விட்டுவிட்டுப் போவது, இத்தனைக்கும் தெய்வபயம் போனதே காரணம் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அடுத்த வாரம் இன்னொருவர், சாமி பேரைச் சொல்லித்தான் இயற்கையை அழிக்கிறார்கள், நீர்நிலைகளில் நிற்கிற கோயில்களைப் பொக்லைன் வைத்துத் தள்ளினாலே பாதிப் பிரச்சினை தீரும் என்று அதற்குப் பதில் எழுதினார். இரண்டு பேருமே ஊருணிக் கரையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு எழுதியிருக்கலாம்.

நான் காரைக்குடி வட்டத்தில் 30 வருடம் கிராம நிர்வாக அலுவலராக இருந்து 2014-ல் ஓய்வு பெற்றவன். எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1980-ல் பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்த பிறகு பரீட்சை எழுதி உள்ளே வந்த கூட்டத்தைச் சேர்ந்தவன். குடியைப் பற்றியோ முதியோரைப் பற்றியோ எனக்குச் சொல்ல அதிகமில்லை. ஊருணிக்கு மழைத் தண்ணீரைக் கொண்டு வருகிற வாய்க்காலான ஒரே ஒரு வரத்துக்காலைப் பற்றித் தெரியும். அதை அடைத்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் நன்றாகவே தெரியும்.

எங்கள் ஊர் ஊருணி செம்புறாங்கல் படிக்கட்டு வைத்தது. நகரத்தார் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போன காலத்தில், மகமை என்று பொதுக் காரியத்துக்கு ஒதுக்கிய பணத்தில் வெட்டியது என்பார்கள். வடக்கே பொட்டலில் விழுகிற மழை செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு வரத்துக்காலில் இறங்கி வரும். வழியில் ஒரு சின்னக் குழியில் மண்ணை விட்டுவிட்டு, தெளிந்த தண்ணீராக ஊருணிக்குள் விழும். ஊருக்குள் விழுகிற மழையும் வீணாகாது. பெரிய வீடுகளின் ஓட்டுச் சரிவெல்லாம் வளவை, அதாவது வீட்டு நடுவில் இருக்கிற திறந்த முற்றத்தைப் பார்த்துத்தான் இறங்கும். மூலைக்கு மூலை வைத்த கிடாரம் என்கிற பெரிய பாத்திரம் நிறைந்தது போக, மீதித் தண்ணீர் தெருவுக்கு வந்து ஊருணிக்குப் போகும். 2003-ல் அரசாங்கம் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது கணக்கெடுக்கப் போனேன். ஒரு ஆச்சி என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய் வளவைக் காட்டி, “இதுக்கு என்னப்பா எழுதுவ?” என்றார்கள். படிவத்தில் குழாய்க்கும் குழிக்கும் கட்டம் இருந்தது, வளவுக்கு இல்லை. ‘உண்டு’ என்று எழுதிக்கொண்டு வந்தேன்.

ஊருணித் தண்ணீர் குடிதண்ணீர். செம்பழுப்பாக இருக்கும். என் ஆத்தா குடத்தின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை நாலு இழைப்பு இழைத்து வைப்பாள். விடிவதற்குள் வண்டல் அடியில் படிந்து, மேலே தண்ணீர் பன்னீர் மாதிரி இருக்கும். ஊருணியில் யாரும் கால் வைக்கக் கூடாது. குடத்தைச் சாய்த்து மொண்டுகொண்டு திரும்ப வேண்டும். கால் கழுவினால் கரையில் இருக்கிற சாமி கண்ணைக் குத்தும் என்று எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். முதல் வாசகர் நினைப்பது இதைத்தான் என்று நினைக்கிறேன். அவருக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

கரையில் சாமி மட்டும் இருக்கவில்லை. கம்போடு ஒரு காவலாளும் இருந்தார். அவருக்கு வருடத்துக்கு இத்தனை மரக்கால் நெல் என்று கூலி பேசியிருந்தார்கள். அந்தக் கூலியை யார் தருவது, எந்த மாதம் தருவது என்பதெல்லாம் நோட்டில் இருந்தது. கோடையில் தண்ணீர் வற்றினால் வண்டலை அள்ள வீட்டுக்கு ஒரு ஆள் வர வேண்டும், வராதவன் அபராதம் கட்ட வேண்டும். சாமியின் கண் ஒரு பக்கம், நோட்டு ஒரு பக்கம். நோட்டு தொலைந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. காவலாள் போனது அதற்கும் முன்னால்.

இரண்டாவதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும். காலை வைக்காதே என்று சொன்ன அதே வாய், சிலரைக் கையையும் வைக்காதே என்று சொன்னது. காலனிப் பெண்கள் படிக்கட்டுக்கு மேலே குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார்கள். யாராவது மனமிரங்கி மொண்டு ஊற்றினால்தான் உண்டு. என் ஆத்தா ஊற்றியதும் உண்டு, நேரமாகிவிட்டது என்று தலையைத் திருப்பிக்கொண்டு வந்ததும் உண்டு. அதற்கும் சாமியைத்தான் சாட்சிக்கு வைத்திருந்தோம். அந்தக் காலம் திரும்பி வரட்டும் என்று சொல்கிறவர்கள், அதில் எந்தப் பாதி வர வேண்டும் என்று சேர்த்துச் சொன்னால் நல்லது.

இனி என் கதை. வரத்துக்கால் தார்ச்சாலையைத் தாண்டுகிற இடத்தில் ஒரு வேம்பு நின்றது. அதன் அடியில் எண்பதுகளில் யாரோ ஒரு பிள்ளையாரை வைத்தார்கள். முதலில் வெறும் செங்கல் மேல் உட்கார்ந்திருந்தார். பிறகு சிமெண்டுத் திண்ணை வந்தது, அதன் மேல் தகரக் கொட்டகை, அப்புறம் நாலு தூண். வரத்துக்காலில் எப்போதும் தண்ணீர் ஓடாது. வருடத்தில் பத்து, பதினைந்து நாள் ஓடினால் அதிகம். ஓடாத வாய்க்கால் காலி இடமாகத்தான் யார் கண்ணுக்கும் தெரியும். நில அளவைப் புலப்படத்தில் அந்த இடத்தில் வரத்துக்காலின் அகலம் 3.6 மீட்டர். நான் டேப் பிடித்து அளந்தபோது ஒரு மீட்டர்கூட இல்லை.

1999-ல் எங்கள் ஊருக்கு நான் கூடுதல் பொறுப்பு. அந்த வருடம், வருவாய்த் துறைக் கணக்கில் 1409-ஆம் பசலி ஆண்டில், 1905-ஆம் வருடத்து நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி பி மெமோ என்கிற ஆக்கிரமிப்பு அறிக்கை எழுதினேன். ஆக்கிரமித்தவர் பெயர் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று முதலில் கை ஓடவில்லை. பிள்ளையார் என்று எழுத முடியாதே. கடைசியில் ‘ஊர்ப் பொது’ என்று எழுதினேன். எழுதிய தாளை வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அனுப்பவில்லை, மேசை டிராயரில் வைத்தேன். மகளுக்கு வரன் தட்டிக்கொண்டே இருந்த நேரம் அது. என் மனைவி அந்தப் பிள்ளையாருக்குத்தான் 48 நாள் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த தை மாதம் வரன் அமைந்தது. மண்டபம் கட்ட நன்கொடைச் சீட்டு வந்தபோது 501 ரூபாய் எழுதினேன். குடமுழுக்கு நடந்தது. கருங்கல் பலகையில் உபயதாரர் வரிசையில் எட்டாவதாக என் பெயரும் பதவியும் வெட்டியிருக்கிறார்கள். வரத்துக்காலைப் பாதுகாக்க அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைத்த ஆளின் பெயர், வரத்துக்காலை மறித்துக்கொண்டு நிற்கிற கல்லில். பி மெமோ கரையான் அரித்துப் போயிற்று.

யாருடைய பேராசையும் அந்த மேடையைக் கட்டவில்லை. அங்கே பிளாட் போட்டு விற்றவர் யாரும் இல்லை. ஆளுக்கு நூறு, ஐநூறு என்று நல்ல மனதோடு போட்டுக் கட்டியது. நான் பார்த்த வரைக்கும், கள்ளத்தனமாக வேலி போட்டவனிடமிருந்து நிலத்தை மீட்டுவிடலாம். பக்தியோடு கட்டியதில்தான் யாராலும் கை வைக்க முடியாது. பொதுத் தெருவிலும் பூங்காவிலும் எந்த மதத்தின் வழிபாட்டுக் கட்டடமும் புதிதாக எழும்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009-ல் சொன்னது. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ல் தனிச் சட்டமே போட்டது தமிழக அரசு. இரண்டாவது வாசகர் நம்புகிற சட்டமெல்லாம் எங்கள் அலுவலகப் பீரோவில் பத்திரமாக இருந்தது. பீரோச் சாவி என்னிடம் இருந்தது.

2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டம் என்று அறிவித்தார்கள். ஊருணி காய்ந்து, அடிமண் பாளம் பாளமாக வெடித்தது. அதில் பையன்கள் கிரிக்கெட் விளையாடினார்கள். பொட்டலில் சீமைக் கருவேல் மட்டும் பச்சையாக நின்றது. அந்த வருடம்தான் மதுரைக் கிளை நீதிமன்றம் அதை வெட்டச் சொல்லி உத்தரவிட்டது. நாங்களும் கொஞ்சம் வெட்டினோம். வேரை விட்டுவிட்டதால் இப்போது அது முன்னைவிட அடர்த்தி. 2019-லும் கோடை கடுமை. பெரிய கோயில்களில் மழைக்காக யாகம் நடத்தும்படி அறநிலையத் துறையே சுற்றறிக்கை அனுப்பியது. எங்கள் ஊரிலும் வருண ஜபம் செய்வது என்று முடிவாயிற்று. குருக்கள்மார் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து ஜபிக்க வேண்டும். ஒரு பழைய வீட்டிலிருந்து இரண்டு பெரிய கிடாரங்களைப் புளி போட்டுத் துலக்கி எடுத்து வந்தார்கள். நிரப்பத் தண்ணீர் இல்லை. லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றினோம். ஓஸ் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். கிடாரம் நிறைய நிறைய, மழை பிடித்து வைக்கச் செய்த பாத்திரத்தில் காசு கொடுத்த தண்ணீர் ஏறுகிறதே என்று தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை, சொல்கிற இடமும் இல்லை.

மழை பெய்யாமல் போகவில்லை. 2021 ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்தது. விடிய விடியப் பெய்த ஒரு ராத்திரிக்குப் பிறகு குடையோடு போய்ப் பார்த்தேன். வடக்கே இருந்து செந்தண்ணீர் சுழித்துக்கொண்டு வந்தது. பிள்ளையார் மேடையில் முட்டியது. அங்கேயே கொஞ்ச நேரம் தயங்கி நின்றது போல இருந்தது. பிறகு சாலை ஓரமாக வளைந்து தெற்குத் தெருவுக்குள் இறங்கியது. ஏழு வீட்டில் முழங்கால் தண்ணீர். ஊருணியில் கணுக்கால் தண்ணீர். கேட்டதைச் சாமி கொடுத்துவிட்டது. வாங்கி வைக்கத்தான் எங்களுக்குப் பாத்திரம் இல்லை.

அதற்குப் பிறகு கூட்டம் போட்டோம். சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பிய தம்பி ஒருவர், கொத்தனார்கள் வைத்திருக்கிற டியூப் மட்டத்தைக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் மட்டம் பார்த்தார். வரத்துக்கால் தரைக்கும் மேடைக்கும் 14 அங்குலம் வித்தியாசம். அதோடு நிறுத்தியிருக்கலாம். “கல்லுக்காக ஊரே மூழ்குறதா?” என்று ஒரு வார்த்தை விட்டார். அவ்வளவுதான், பாதிப் பேர் வேட்டியைத் தட்டிவிட்டு எழுந்து போனார்கள். 14 அங்குலம் யாருக்கும் ஞாபகம் இல்லை, ‘கல்லு’ என்றது மட்டும் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

அடுத்த கூட்டத்துக்கு நானே வீடு வீடாகப் போய் அழைத்தேன். கொள்ளுகுடிப்பட்டியைப் பற்றிப் பேசினேன். திருப்பத்தூர்ப் பக்கம் மதுரைச் சாலையில் இருக்கிற ஊர், நம் மாவட்டம்தான். 1977-ல் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் என்று அரசாங்கம் அறிவிப்பதற்கு முன்பிருந்தே, கண்மாய்க்கு வருகிற நாரைகள் கலையக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர். பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்பது அவர்கள் நம்பிக்கை. எச்சம் விழுந்த கண்மாய்த் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்கள் கணக்கு. வெடி கேட்டு அழாமல் இருந்ததற்கு வனத் துறை தீபாவளிக்கு மிட்டாய் கொடுக்கிறது, அது பிள்ளைகள் கணக்கு. மூன்றில் எது உண்மையான காரணம் என்று யாரும் அங்கே சண்டை போடுவதில்லை.

குன்றக்குடியையும் சொன்னேன். மறைந்த பெரிய அடிகளார் மடத்தின் தலைவர், நெற்றி நிறையத் திருநீறு பூசியவர். கடவுள் இல்லை என்ற பெரியாரோடு ஒரே மேடையில் உட்கார்ந்தவரும் அவர்தான். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்துக் காரைக்குடிக்கு வரவழைத்த சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் விஞ்ஞானிகளை, ஊருக்குள் கூட்டி வந்து தொழிலுக்கு யோசனை கேட்டார். எங்களுக்கெல்லாம் சிக்ரி என்றால் பஸ் ஸ்டாப்தான். மடத்தில் இருந்த ஒருவருக்குத்தான் அந்தக் காம்பவுண்டுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்கத் தோன்றியிருக்கிறது.

இவ்வளவும் பேசியதில் யார் மனமும் மாறியதாகத் தெரியவில்லை. வழி திறந்தது இரண்டு பேரால். கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த குருக்கள், பாலாலயம் செய்து மூர்த்தியைக் கலசத்துக்கு எழுந்தருளப் பண்ணிக்கொள்ளலாம், திருப்பணிக்கு எல்லாக் கோயிலிலும் செய்வதுதானே, பிறகு கரைமேட்டில் புது இடத்தில் பிரதிஷ்டை வைக்கலாம், சாஸ்திரத்தில் தடை ஒன்றும் இல்லை என்றார். இதை ஏன் இத்தனை வருடமாக நீங்கள் சொல்லவில்லை என்று குருக்களைக் கேட்டேன். “யாரும் கேக்கலையே” என்றார். அப்போது ஊருணிக்குப் பக்கத்து வீட்டு அப்பத்தா, எண்பது வயதுக்கு மேலே, எழுந்திருக்காமலே சொன்னது: “சதுர்த்திக்குச் சதுர்த்தி பிள்ளையாரத் தண்ணியிலதான கொண்டு போய் விடுறீக. தண்ணி அவரத் தேடி வந்தா மட்டும் வேணாங்கிறீகளா?” சிரிப்பு எழுந்தது. சிரித்த பிறகு எதிர்த்துப் பேச ஆளுக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

பன்னிரண்டடி கிழக்கே தள்ளி வைப்பது என்று தீர்மானம் எழுதினோம். அந்த வாரமே, முதலில் கையெழுத்துப் போட்டவர் வீட்டுப் பசு செத்தது. கால்நடை மருத்துவர் வயிற்றை அறுத்து, பாலிதீன் பையும் கயிறுமாக ஒரு பெரிய உருண்டையை எடுத்துப் போட்டார். அன்னதானத்தன்று நாங்கள் வீசிய பைகளும் அதில் இருந்திருக்கும். பிளாஸ்டிக் தடை 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து இருக்கிறது, ஆனால் சாம்பார் இன்னும் அதில்தான் கட்டித் தருகிறோம். உருண்டையை எல்லாரும் பார்த்தார்கள். ஆனாலும், சாமியை அசைக்க நினைத்ததால் வந்த வினை என்ற பேச்சுதான் ஊரில் நின்றது. தீர்மானம் கிடப்பில் போயிற்று. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். பால் கறக்கிற மாடு செத்த வீட்டில் போய் மட்டம் பார்த்துப் பேச முடியாது. மகள் கல்யாணத்துக்காக நான் தாளை டிராயரில் போட்டதும் இதே பயம்தான்.

கடைசியில் நடுவழி ஒன்று கிடைத்தது. மேடையை அசைக்காமல், அதன் அடியில் இரண்டு ஹியூம் பைப் பதித்தார்கள். ஒன்றரை அடி விட்டம். மூன்று மழைக்காலம் ஆயிற்று. தண்ணீர் போகிறது, முழுக்கப் போகவில்லை. தெற்குத் தெருவுக்குள் இப்போது தண்ணீர் ஏறுவதில்லை. ஊருணி இடுப்பளவு நிறைகிறது. ஒவ்வொரு புரட்டாசிக் கடைசியிலும் நானும் அந்தச் சிங்கப்பூர்த் தம்பியும் குருக்கள் மகனும் நீளக் கம்பியில் கொக்கி வைத்துக் குழாயைத் தோண்டுகிறோம். சென்ற வருடம் வந்தவை: பாக்குமட்டைத் தட்டு, தண்ணீர் பாக்கெட், தெர்மோகோல் கிண்ணம், சிமெண்டுச் சாக்கு ஒன்று, காலி மாத்திரை அட்டைகள், ஒரு செருப்பு, சிவப்புத் துணியில் முடிந்த ஒரு நேர்த்திக்கடன் தேங்காய். தேங்காயை என்ன செய்வது என்று மூன்று பேருக்கும் தெரியவில்லை. குருக்கள் மகன் அதை எடுத்துக்கொண்டு போய் வேம்படியில் வைத்தான்.

உங்கள் மூலமாக இரண்டு கோரிக்கை. ஒன்று, அறநிலையத் துறைக்கும் ஊர்க்கோயில் கமிட்டிகளுக்கும். எங்கள் பக்கம் எந்தக் கோயிலுக்குப் போனாலும் டியூப்லைட்டில்கூட உபயதாரர் பெயர் இருக்கிறது. அந்தச் சுவரில் ஓர் ஆள் உயரத்துக்கு இடம் ஒதுக்கி, அந்த ஊர் ஊருணியின் புலப்படத்தை வரைந்து வையுங்கள். வரத்துக்கால் எங்கே தொடங்குகிறது, எந்தெந்த வீட்டை ஒட்டி வருகிறது, அகலம் எத்தனை மீட்டர் என்று பெயிண்டில் எழுதுங்கள். சாமி கும்பிட வருகிறவன் சுற்றி வரும்போது தினமும் பார்ப்பான். வட்டாட்சியர் அலுவலகப் பீரோவுக்குள் இருக்கிற படத்தை யாரும் பார்ப்பதில்லை, பார்க்க வேண்டிய நானே மடித்து வைத்தவன். இரண்டாவது, குருக்கள்மாருக்கும் பூசாரிகளுக்கும் பள்ளிவாசல், தேவாலயப் பெரியவர்களுக்கும்: நீர்வழியில் நிற்கிற வழிபாட்டு இடத்தை முறைப்படி மாற்ற உங்கள் சாஸ்திரத்தில் என்ன வழி இருக்கிறது என்று, யாரும் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லுங்கள்.

எங்கள் ஊர்த் தீர்மானத்தை மறுபடி எடுத்திருக்கிறார்கள். வருகிற ஆனியில் பாலாலயம் என்று பேச்சு. இதற்கு முன் இரண்டு தடவை நாள் குறித்துத் தள்ளிப் போயிருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பசு செத்த வீட்டுக்காரர் இந்தத் தடவை எதிர்க்கவில்லை, வரப் போவதுமில்லை என்று சொல்லிவிட்டார். எடுக்கப் போகிற கல் பலகையை என்ன செய்வது என்று கொத்தனார் என்னைக் கேட்டார். வரத்துக்கால் தரையில் பதிக்கச் சொன்னேன். எழுத்து மேலே இருக்கட்டுமா, கீழே போகட்டுமா என்றார். மற்ற உபயதாரர்களையும் கேட்க வேண்டும், இன்னும் நாலு பேர் உயிரோடு இருக்கிறார்கள்.

என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கல்லில் இருப்பதே போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர்,
காரைக்குடி வட்டம், சிவகங்கை மாவட்டம்.